நீரும் நிறைகோலும்

நம் ஊர்ப் பள்ளிவாசலின் ஹவுள் 20 அடி நீளமும் 15 அடி அகலமும் உடையது. மூன்றடி ஆழத்திற்கு நீர் நிறைந்திருக்கையில் ஏறத்தாழ 25,000 லிட்டர் கொள்ளும். கிழக்கு வாயிலில் செருப்பைக் கழற்றி வைத்து நிமிர்வோர் முதலில் காண்பது அதனைத்தான். சுற்றிலும் கருங்கல் இருக்கைகள். நடுவே வானம் பார்த்த திறப்பு. மதிலோரம் ஒரு வேப்பமரம். நீருக்குள் சிறியவும் பெரியவுமாக மீன்கள். பாங்கு சொல்லி இகாமத் சொல்வதற்குள் ஊர்ச் செய்திகள் யாவும் அந்தக் கரையில் பேசப்பட்டுவிடும். நிக்காஹ் பேச்சு முதல் தென்னந்தோப்புக் குத்தகை வரை அங்கே முடிவானவை பல. அந்த ஹவுளை மண்ணிட்டு மூடிவிடும் நிலை ஒருமுறை வந்தது. அதற்கு நாமும் ஒரு காரணமாயிருந்தோம் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

2020 மார்ச் இறுதியில் கொரோனாத் தொற்றினால் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. பள்ளிவாசல் கதவுகள் சாத்தப்பட்டன. பாங்கு மட்டும் ஒலித்தது. தொழுகை வீடுகளுக்குள் ஒடுங்கியது. அவ்வாண்டு ரமலானில் தராவீஹும் வீட்டுக் கூடங்களிலேயே நடந்தது. ஒளுச் செய்வாரில்லாத ஹவுளுக்குப் புதுநீர் விட வேண்டும் என்ற நினைவு எவருக்கும் எழவில்லை. வேப்பிலையும் பூவும் பழமும் உதிர்ந்து அடியில் மக்கின. கோடை வெயில் நடுத் திறப்பின் வழியே நேராக இறங்கியது. வைகாசியில் நீர் இளம்பச்சையாயிற்று. ஆனியில் கீரை வேகவைத்த நீர்போல் ஆயிற்று. ஆடியில் முதற்படியே கண்ணுக்குத் தெரியவில்லை.

இதைக் கண்டு நாம் கலங்கவில்லை. ஏனெனில் நமக்குச் சட்டம் தெரியும். ஃபிக்ஹு கிதாபுகள் பெரும்பாலும் தூய்மையைப் பற்றிய பாடத்துடன் தொடங்குவதையும், அப்பாடம் நீரின் வகைகளிலிருந்து தொடங்குவதையும் மத்ரஸாவில் ஓதியோர் அறிவர். முப்பதாண்டுகளுக்கு அண்மையாக அந்தப் பாடத்தை ஓதிக்கொடுத்தவர் நாம். இரண்டு குல்லத்து அளவை எட்டிய நீர், நஜீஸ் விழுந்தும் நிறம், சுவை, மணம் ஆகிய மூன்றும் மாறாதவரை தூய்மை கெடாது என்பது ஷாபிஈ மத்ஹபு. இரண்டு குல்லத்தாவது இன்றைய கணக்கில் சுமார் 200 லிட்டர் என்பர். பத்து முழத்துக்குப் பத்து முழம் பரப்புடைய நீரைப் பெருநீராகக் கொள்வது ஹனஃபி அறிஞரிடையே வழங்கும் அளவு. பாசியைப் பற்றியும் இமாம் நவவி அவர்களின் மின்ஹாஜ் முதலாய நூல்களில் தெளிவு உண்டு. தேங்கிய நீரில் பாசி தோன்றுவதைத் தவிர்த்தல் அரிது. ஆகவே அதனால் நிறம் மாறினும் நீர் தன் தூய்மையாக்கும் தகுதியை இழப்பதில்லை. எனவே ஹவுளின் நீர் பச்சையாயினும் நீரே. அதில் ஒளுக் கூடும். இப்படி நமக்கு நாமே ஃபத்வா வழங்கிக்கொண்டு வாளாவிருந்தோம்.

ஆகஸ்ட் நடுவில், பள்ளிவாசல்கள் விரைவில் திறக்கப்படலாம் என்ற பேச்சு எழுந்தது. அப்போதுதான் பரபரப்பு வந்தது. சட்டம் இடம் தரலாம். வருகின்றவர் மூக்கைப் பிடித்துக்கொள்வாரே! தொற்றைத் தடுக்கத் தெருக்களில் தூவி மிஞ்சிய பிளீச்சிங் பவுடர் அரைமூட்டை பள்ளிவாசல் அறையில் கிடந்தது. ஒருநாள் லுஹருக்குச் சற்றுமுன், உச்சிவெயிலில், சுமார் ஐந்து கிலோவை வாளியில் அள்ளி வந்து நாமே நம் கையால் ஹவுளில் வீசினோம். அளந்தோமா? இல்லை. கரைத்தோமா? இல்லை. மீன்கள் இருக்கின்றனவே என்று நினைத்தோமா? அதுவும் இல்லை. தூள் வெண்புகைபோல் நீருக்குள் இறங்குவதைப் பார்த்து, பணி முடிந்தது என்று கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டோம்.

அசருக்குப் போனபோது மீன்கள் மேலே மிதந்தன. எண்ணினோம், அறுபதுக்கும் மேல். மோதினாரும் நாமுமாக அவற்றைக் கூடையில் அள்ளித் தென்னையடியில் புதைத்தோம். மோதினார் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவருடைய ஏழு வயதுப் பேத்தி, ஊரடங்கு நாள்களிலெல்லாம் அந்த மீன்களுக்குப் பொரி தூவி வந்தவள், கூடையைப் பார்த்தாள்.

“மீன்களுக்கு என்ன ஆயிற்று ஹஜ்ரத்?”

“தண்ணீர் கெட்டுப் போய்விட்டது அம்மா” என்றோம்.

பொய் பேசலாகாது என்று நாள்தோறும் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் நாவால் சொன்ன விடை அது. சொன்னது முழுப் பொய்யன்று. ஆனால் உண்மையில் பாதியை மறைத்துச் சொல்வதற்குப் பெயர் என்ன என்பதும் நமக்குத் தெரியாததன்று.

மீன் இறந்ததனால் நீர் நஜீஸாகாது. மீன் செத்தாலும் அதன் உடல் தூயதே. இந்தச் சட்டமும் நமக்குத் தெரிந்திருந்தது. தெரிந்து என்ன பயன்? மூன்று நாள் நீர் வெண்மையாகக் கலங்கி நின்றது. பத்தாம் நாள் பச்சை மீண்டும் வந்தது. முன்னிலும் அடர்த்தியாக வந்தது.

செப்டம்பர் முதல் நாள் தமிழ்நாட்டுப் பள்ளிவாசல்கள் திறக்கப்பட்டன. நம் ஜமாஅத்தில் வீட்டிலேயே ஒளுச் செய்து வருமாறு அறிவித்திருந்தமையால் ஹவுளின் நிலை உடனே இடையூறாகவில்லை. ஆயினும் நிர்வாகத்தார் கூடிப் பேசினர். “மணல் அடித்து மூடிவிட்டு 24 குழாய்கள் வைத்துவிடலாம். பல ஊர்களில் அப்படித்தான் செய்கிறார்கள்” என்றார் முத்தவல்லி. அவர் கூற்றில் நியாயம் இருந்தது. பராமரிக்க ஆளில்லாத ஹவுள் ஊருக்குக் கேடு. நாம் ஒரு மாதத் தவணை கேட்டோம். “என்ன செய்யப் போகிறீர்கள் ஹஜ்ரத்?” என்று அவர் பணிவாகவே கேட்டார். நம்மிடம் விடையில்லை.

நீரை இறைத்துக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பினால் என்ன என்றனர் சிலர். நம் ஊர் காவிரியின் கடைமடையில், கடலுக்கு அருகே உள்ளது. ஆழ்துளைக் கிணற்றில் நாம் இறைக்கும் ஒவ்வொரு குடமும் உப்புநீரை உள்ளே அழைக்கும் குடம். ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் ஒளுவில் நீரை விரயம் செய்யாதே என்று பயிற்றும் மார்க்கத்தைச் சேர்ந்த நாம் 25,000 லிட்டரைச் சாக்கடையில் விடுவதா? அன்றியும், காரணத்தை நீக்காமல் நீரை மாற்றினால் அடுத்த கோடையில் அதே பச்சை வராதா?

அந்த வார ஜும்ஆவுக்கு ஓர் இளைஞர் வந்தார். துபாயில் வேலை பார்த்தவர்; அவ்வாண்டு நாடு திரும்புவோருக்காக விடப்பட்ட விமானங்களுள் ஒன்றில் வந்து சேர்ந்தவர். தொழுகை முடிந்தபின் ஹவுளின் கரையில் குந்தி, நீரைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தார். பிறகு நம்மிடம் வந்து ஸலாம் உரைத்தார்.

“ஹஜ்ரத், பதினோரு வருஷமாக இதுதான் என் வேலை. அங்கே வீடுகளின் பின்கட்டில் நீச்சல் குளம் இருக்கும். வீட்டுக்காரர் கோடை விடுமுறைக்கு ஊர் போய்த் திரும்பினால் குளம் இப்படித்தான் இருக்கும். இதைச் சரி செய்துவிடலாம்.”

முகக்கவசத்தை அவர் சற்று இறக்கியபோதுதான் அடையாளம் தெரிந்தது. நெஞ்சு ஒரு கணம் சுருங்கிற்று.

2003ஆம் ஆண்டு நம்மிடம் ஓதிய பிள்ளை அவர். அப்போது பதினான்கு வயது. தூய்மையாக்கப் பயன்படும் நீர்கள் ஏழு என்று மனப்பாடம் செய்ய வேண்டும்: மழைநீர், கடல்நீர், ஆற்றுநீர், கிணற்றுநீர், ஊற்றுநீர், உறைபனி நீர், ஆலங்கட்டி நீர். அவருக்கு ஐந்துக்கு மேல் வாராது. கடைமடைப் பிள்ளை உறைபனியை எங்கே கண்டது? ஆனால் கேள்விகள் மட்டும் ஓயாது வரும். பாசியின் சட்டத்தை விளக்கிய அன்று எழுந்து நின்று கேட்டார்: “ஹஜ்ரத், பாசி படிந்த தண்ணீர் சுத்தமானதுதான் என்றால், நாம் ஏன் அதைக் குடிப்பதில்லை?” வகுப்பு சிரித்தது. நமக்கு அப்போது இளமையின் மிடுக்கு. “கிதாபில் உள்ளதை ஓது, கிதாபில் இல்லாததைக் கேளாதே” என்று அதட்டி வெளியே நிற்க வைத்தோம். அவ்வாண்டின் இறுதியில் அவர் மத்ரஸாவை விட்டுச் சென்றார். விட்டுச் சென்றதற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆயினும் அந்தக் கேள்விக்கு நாம் விடை சொல்லவில்லை என்பது மெய்.

மறுநாளே அவர் வேலையைத் தொடங்கினார். நாமும் மோதினாரும் உதவிக்கு. முதலில் என்ன மருந்து வாங்க வேண்டும் என்று கேட்டோம்.

“மருந்து இருக்கட்டும். முதலில் நாடி பார்க்க வேண்டாமா ஹஜ்ரத்?” என்றார்.

அவரிடம் உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி இருந்தது. அதில் இரண்டு சிறு கண்ணாடிக் குழாய்கள், சில சொட்டு மருந்துகள், மாத்திரைகள், நிற அட்டை ஒன்று. ஒரு குழாயில் ஹவுள் நீரை எடுத்துச் சொட்டு விட்டால் நீரின் அமில காரத் தன்மைக்கேற்ப மஞ்சளோ சிவப்போ தோன்றும். இதனை ‘பி.எச்.’ என்னும் எண்ணால் குறிப்பர். 7 என்பது நடுநிலை; கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். மனிதர் முகத்திலும் கண்ணிலும் படும் இத்தகைய நீர் 7.2க்கும் 7.8க்கும் இடையில் நிற்பது நன்று. நம் ஹவுள் காலையில் 8.2 காட்டியது. அசருக்குப் பின் பார்த்தபோது அட்டையின் கடைசிக் கட்டத்தையும் கடந்து ஊதாவாயிற்று. ஒரே நீர் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக இருப்பதேன்? பாசியும் ஒரு பயிர்தான். பகலில் ஒளியை உண்ணும் அது நீரில் கரைந்துள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொள்கிறது. அதனால் காரம் ஏறுகிறது. இரவில் வாயுவை வெளிவிடுகிறது, காரம் இறங்குகிறது.

இதற்கும் நம் ஐந்து கிலோ தூளுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டோம். அவர் சொன்ன விடை நம்மைத் தலைகுனிய வைத்தது. பிளீச்சிங் பவுடரின் குளோரின் நீரில் கரைந்ததும் இரு வடிவங்களில் நிற்கிறது. ஒன்று கிருமியையும் பாசியையும் விரைந்து கொல்வது, மற்றொன்று வலுக்குன்றியது. எது மிகுதியாக இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது பி.எச். எண்ணே. 7.2இல் மூன்றில் இரண்டு பங்கு வலிய வடிவில் இருக்கும், 7.5இல் பாதி, 8.2இல் ஆறில் ஒரு பங்குதான். அந்தத் தூளில் சுண்ணாம்பும் உண்டு. போடப் போட அது காரத்தை இன்னும் ஏற்றும். மேலும் வெயில் குளோரினைத் தின்றுவிடும்; உச்சிவெயிலில் ஒரு மணி நேரத்திற்குள் பாதி மறைந்துவிடக்கூடும். நாமோ காரம் மிகுந்த நீரில், நடுப்பகலில், கரைக்காமல் கொட்டியிருந்தோம். மீனைக் கொல்ல அது மிக மிக அதிகம். ஏனெனில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் குளோரினே மீனுக்கு நஞ்சு. சுவரிலும் படிக்கட்டின் இடுக்கிலும் வழவழப்பாய் ஒட்டியிருந்த பாசியை வேரறுக்கவோ அது போதவில்லை. எஞ்சிய பாசிக்குச் செத்த பாசியே எருவாயிற்று. அளவின்மை ஒரே செயலில் மிகையாகவும் குறையாகவும் ஆயிற்று.

முதல் இரண்டு நாள் வலையால் இலைகளையும் அடிச்சேற்றையும் அள்ளினோம். வாளி வாளியாகக் கறுத்த சேறு வந்தது. அழுகிய முட்டை நாற்றம். நீண்ட கைப்பிடி பொருத்திய பிரஷால் சுவர்களைத் தேய்த்தோம். கசடு நீங்காமல் ஊற்றும் மருந்தெல்லாம் கசட்டுக்கே இரையாகும் என்றார் அவர்.

அடுத்தது காரத்தைக் குறைத்தல். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வாளி நீரில் கலந்து, நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மிகாமல் பரவலாக ஊற்றினார். நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றினால் தெறிக்கும். அமிலமும் பிளீச்சிங் பவுடரும் ஒருபோதும் நேரே சேரலாகாது. சேர்ந்தால் எழும் குளோரின் வாயு நுரையீரலை எரிக்கும். வீட்டுக் கழிவறையைத் துலக்கும்போது இரண்டையும் கலக்கும் நம் பெண்மணிகள் இதை மனத்தில் பதித்துக்கொள்க.

இரண்டு மூன்று நாள் ஊற்றியும் பி.எச். அசையவில்லை. இறங்கியது போலக் காட்டி மறுநாள் ஏறிக்கொண்டது. நாம் பொறுமையிழந்து “மொத்தமாக ஊற்றிவிட்டால் என்ன?” என்றோம். அவர் புன்னகைத்தார். நீருக்குத் தாங்குதிறன் என்று ஒன்று உண்டு. அதில் கரைந்துள்ள கார உப்புகள் அமிலம் வந்தால் ஏற்று அடக்கும். நீரைத் திடீரென மாறவிடா. லிட்டருக்கு 80 முதல் 120 மில்லிகிராம் வரை அவை இருப்பது நல்லது. நம் ஆழ்துளைக் கிணற்று நீரில் அது 240 இருந்தது. ஆகவே எளிதில் இறங்க மறுத்தது. அது மிகக் குறைந்தாலோ ஒரு கோப்பை அமிலமும் நீரைத் தலைகீழாக்கிவிடும். மனிதருள்ளும் எதற்கும் அசையாத கல்நெஞ்சரும் உண்டு. தொட்டதற்கெல்லாம் கொதிப்பவரும் உண்டு. சபூர் என்பது இரண்டுக்கும் இடைப்பட்டது என்று நாம் வகுப்பில் விளக்குவது நினைவுக்கு வந்தது. நீருக்கும் அதுவே வேண்டியிருக்கிறது.

ஒன்பதாம் நாள் பி.எச். 7.4இல் நின்றது. அன்று மஃரிபுக்குப் பின், வெயில் முற்றும் அடங்கியபின், புதிதாக வாங்கிய பிளீச்சிங் பவுடர் 850 கிராம் எடுத்தார். நல்ல தூளில் மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்றுக் குறைவாகக் குளோரின் இருக்கும். திறந்து கிடந்த பழைய மூட்டையில் அது பெரிதும் போய்விட்டிருக்கும். வாளி நீரில் கரைத்துச் சுண்ணாம்பு அடியில் தங்கவிட்டு, தெளிந்ததை மட்டும் ஹவுளைச் சுற்றி நடந்தபடி ஊற்றினார். லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் என்பது கணக்கு. ஊற்றிச் சிறிது நேரம் கழித்து மாத்திரையிட்டுப் பார்த்தோம். குழாயில் நீர் அடர்ந்த இளஞ்சிவப்பாயிற்று. சுபுஹுக்கு முன் மீண்டும் பார்த்தோம், நிறமே இல்லை. இருளில் வெயில் இல்லை; எனவே குளோரினை விழுங்கியது நீருக்குள் இருந்த பாசியும் அழுக்குமே. இரவில் ஊற்றி விடியலில் அளக்கும் இந்தக் கணக்குத்தான் அவருடைய தொழிலின் நிறைகோல். விடிவதற்குள் ஒரு மில்லிகிராமுக்குமேல் குறையாத நாள் வந்தால், உள்ளே தின்பதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்று பொருள்.

ஆறு இரவுகள் இப்படிக் கழிந்தன. இஷாவுக்குப் பின் ஒரு கைவிளக்கு ஒளியில் மூவரும் குந்தியிருந்து அளப்போம். ஒருநாள் குழாயில் நிறமே வரவில்லை. நாம் உடனே “குளோரின் தீர்ந்துவிட்டது, இன்னும் போடு” என்றோம். அவர் அந்த நீரில் பாதியை ஊற்றிவிட்டு நல்ல நீர் கலந்து மறுபடி பார்த்தார், பளிச்சென்று சிவந்தது. குளோரின் மிதமிஞ்சினால் நிறங்காட்டும் மாத்திரையையே வெளுத்துவிடுமாம். அளவு மீறியவிடத்தில் அளவுகோலும் பொய் சொல்லும்! இதை எத்தனை தலைப்பில் பயானாக நீட்டலாம்? ஆனால் அன்றிரவு நமக்குப் பயான் செய்யும் மனநிலை இல்லை. கற்றுக்கொள்ளும் மனநிலையே இருந்தது.

பச்சை சாம்பலாயிற்று, சாம்பல் பால்போன்ற கலங்கலாயிற்று. செத்த பாசியின் துகள் அது. 600 கிராம் படிகாரத்தைக் கரைத்து ஊற்றி ஓரிரவு அசையாமல் விட்டோம். நம் உம்மாமார் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைத்த முறையும் ஏறத்தாழ இதுவே: நுண்துகள்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கனமாக்கி அடியில் இறக்குதல். காரம் மிகுந்த நீரில் படிகாரம் சரிவரத் திரளாது; அதனாலேயே அதனை இறுதியில் வைத்தார். மறுநாள் அடியில் தங்கியதைக் குழாய் வைத்து மெல்ல உறிஞ்சி எடுத்தோம். அன்று அசர் வேளையில் ஹவுளின் தரையில் கிடந்த ஒரு ரூபாய் நாணயம் கண்ணுக்குத் தெரிந்தது. மோதினார் கல்லிருக்கையில் அமர்ந்து நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தவணை முடியுமுன் முத்தவல்லி வந்து கண்டார். மணல் பேச்சு நின்றது. அரைக் குதிரைசக்தி மோட்டாரும் மணல் வடிகட்டியும் வாங்கினர். ஆறு மணி நேரத்தில் ஹவுளின் நீர் முழுவதும் ஒருமுறை வடிகட்டியின் வழியே சுற்றிவரும். நடுத் திறப்புக்கு மேலே நிழல்வலை கட்டினோம். வெயில் குறைந்தால் பாசிக்கு உணவும் குறையும், குளோரினுக்கு அழிவும் குறையும். வேப்பங்கிளைகளில் ஹவுளின் பக்கம் சாய்ந்தவற்றை மட்டும் கழித்தோம்.

அவர் விடைபெறுமுன் இரண்டு செய்திகள் சொன்னார். அவை குடும்பத்தார் யாவரும் அறிய வேண்டியவை. ஒன்று: குளத்தில் குளோரின் நெடி மூக்கைத் துளைத்தால் குளோரின் அதிகம் என்று நாம் எண்ணுகிறோம். பெரும்பாலும் அது குறைவு என்பதன் அடையாளம். வியர்வையும் அழுக்கும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் பொருளே அந்த நெடியைத் தருவது.

மற்றொன்று: தேங்கிய வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் ஒருவகை அமீபா உண்டு. அதைக் குடித்தால் கேடில்லை. மூக்கின் வழியே ஏறினால் மூளையைத் தாக்கும். நோய் மிக அரிது. வந்தால் பிழைப்போர் மிகச் சிலர். 2012ஆம் ஆண்டு கராச்சி நகரில் இந்நோயால் இறந்தோருள் பெரும்பாலோர் குளத்தில் நீந்தாதவர். ஒளுவின்போது மூக்கிற்குள் செலுத்திய நீரே வழியாயிருக்கலாம் என்று மருத்துவர் ஐயுற்றனர். பின்னர் 2024இல் நம் அண்டை மாநிலமான கேரளத்திலும் இந்நோய் பலரைத் தாக்கிய செய்தியை நாளிதழ்களில் படித்தபோது அவர் சொன்னதன் முழுக்கனமும் விளங்கியது. போதிய அளவு குளோரின் நீரில் நின்றால் அந்த அமீபா வாழாது. நாமோ ‘நீரே, ஒளுக் கூடும்’ என்று சொல்லி வாளாவிருந்தோம்.

சட்டம் தவறன்று. நீரின்றித் தவிக்கும் பாலைவழிப் பயணிக்கும், பாசிக் குட்டையொன்றே கதியான சிற்றூருக்கும் இறைவன் அருளிய எளிமை அது. எளிமையை நாம் சோம்பலுக்குச் சான்றாக ஆக்கிக்கொண்டோம். பிழை அங்கே நேர்ந்தது. கூடும் என்பது கடைசி எல்லை. அதுவே நாம் தங்கும் வீடாகிவிடலாமா? பதினான்கு வயதுப் பிள்ளை கேட்டது இதைத்தான்.

இந்தச் சொற்களை அவரிடமே சொன்னோம். “அன்று நீ கேட்டது நல்ல கேள்வி தம்பி. நாம்தான் விடை சொல்லத் தெரியாமல் அதட்டினோம்” என்றோம். அவர் வெகுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “ஏழு நீரும் இன்னும் முழுசாக வராது ஹஜ்ரத்” என்று சொல்லிச் சிரித்தார். 2021இல் அவர் மீண்டும் துபாய் சென்றார். போகும்போது அந்தச் சிறு பெட்டியை நம் கையில் வைத்துவிட்டுப் போனார்.

அவர் சொல்லிச் சென்றபடி மழைக்காலம் புதிய பாடம் நடத்திற்று. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கூரைநீரும் வானநீரும் ஹவுளில் கலந்து அதன் தாங்குதிறனையும் கடினத்தன்மையையும் தாழ்த்திவிடும். சுண்ணாம்புச் சத்துக் குன்றிய நீர் பசித்த நீர். சிமெண்டுப் பூச்சிலிருந்தே அதைக் கரைத்துத் தின்னத் தொடங்கும். மிகுந்தாலோ சுவரில் வெள்ளைப் பொருக்காகப் படியும். தாங்குதிறன் இறங்கும்போது ஆப்பச் சோடா ஒரு கிலோ கரைத்து ஊற்றினால் நம் ஹவுளில் லிட்டருக்கு ஏறத்தாழ 23 மில்லிகிராம் உயரும். இப்போது திங்கள், வியாழன் இரு நாளும் மஃரிபுக்குப் பின் அளக்கிறோம். ஏட்டில் குறிக்கிறோம். குளோரினை லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் அளவில் நிறுத்துகிறோம். அதற்கு நாளொன்றுக்குக் கைப்பிடியளவு தூள் போதுமானது.

அர்ரஹ்மான் அத்தியாயத்தின் தொடக்கத்தில் வானத்தை உயர்த்தியதைச் சொல்லும் இறைவன் அதனுடனேயே மீஸான் என்னும் நிறைகோலையும் சொல்கிறான். அதில் வரம்பு மீறவும் வேண்டா, குறைத்திடவும் வேண்டா என இருபுறமும் எச்சரிக்கிறான். கடைவீதித் தராசை நினைத்தே அதனை இத்தனை காலமும் விளக்கி வந்தோம். அது சரியான விளக்கமே. ஆனால் ஒரு ஹவுள் நீருக்குள்ளும் எத்தனை தட்டுகள் ஏறி இறங்குகின்றன என்பதைக் கண்டபின், அந்த வசனங்களை ஓதும்போது குரல் தானே தாழ்கிறது.

தூய்மைப் பாடம் வரும்போது பிள்ளைகளை இப்போது ஹவுளின் கரைக்கே அழைத்துச் செல்கிறோம். ஏழு நீரையும் ஓதுகிறார்கள். பெட்டியைத் திறந்து அளக்கவும் செய்கிறார்கள். கேள்வி கேட்பவரை வெளியே நிறுத்துவதில்லை.

குளோரினும் மீனும் ஓரிடத்தில் வாழா. ஆகவே மீன்களுக்கென்று வேப்பமரத்தடியில் மழைநீர் நிரப்பிய கல்தொட்டி ஒன்று வைத்தோம். புதிய மீன்களை விட்ட அன்று மோதினாரின் பேத்தி பொரியோடு வந்தாள். அவளிடம் ஒரு கணக்குப் பாக்கி இருந்தது. குனிந்து அவள் முகம் பார்த்துச் சொன்னோம்:

“அன்றைக்குத் தண்ணீர் தானாகக் கெடவில்லை அம்மா. நான்தான் அளக்காமல் மருந்தைக் கொட்டினேன். அதனால்தான் மீன்கள் செத்தன.”

கட்டுரையில் ‘நாம்’ என்று எழுதலாம். அவளிடம் அப்படிச் சொல்ல முடியவில்லை. அவள் சற்று யோசித்தாள். கையிலிருந்த பொரியில் பாதியை நம் உள்ளங்கையில் வைத்தாள். “கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள் ஹஜ்ரத்” என்றாள்.

அப்படியே போட்டோம்.